புரதத்தில் பொதிந்திருக்கும் டிஎன்ஏ எப்படிச் சேதமாகிறது?

கேட்கப்பட்ட கேள்வி இது: "செல்லுக்குள் டிஎன்ஏ தனியாகக் கிடப்பதில்லை, ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றி இறுக்கமாகப் பொதிந்திருக்கிறது என்று படித்தேன். அப்படியென்றால் அந்தப் புரதங்கள் கவசம் மாதிரிதானே? பிறகு எப்படி டிஎன்ஏ சேதமடைகிறது? டிஎன்ஏவைப் பாதுகாக்கும் மாத்திரை என்று விற்கிறார்களே, அதில் ஏதாவது பலன் உண்டா?"

கவசம் என்பது பாதி சரி. ஹிஸ்டோன்கள் சில வகைச் சேதங்களை நன்றாகத் தடுக்கின்றன, சிலவற்றைத் தடுப்பதே இல்லை. ஒருசில சேதங்களை அவையே மோசமாக்கவும் செய்கின்றன. இந்த மூன்றாவது விஷயம் பாடப்புத்தகங்களில் பெரும்பாலும் வராது. எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதுதான், அதனால் அங்கே கொஞ்சம் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

முதலில் அமைப்பு. டிஎன்ஏ இரண்டு இழைகளால் ஆனது, அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்ற நான்கு எழுத்துகள் அந்த இழைகளில் எதிரெதிரே ஜோடியாக நிற்கும். ஒரு மனித செல்லின் டிஎன்ஏ முழுவதையும் நீட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். அது அடங்க வேண்டிய உட்கருவின் விட்டம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைத் தாண்டாது. எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 என்ற நான்கு ஹிஸ்டோன்களும் இரண்டிரண்டாகச் சேர்ந்து எட்டுப் புரதங்கள் கொண்ட ஒரு கட்டாக நிற்கின்றன. அதன்மேல் 147 எழுத்து ஜோடிகள் நீளமுள்ள டிஎன்ஏ ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுற்றிக்கொள்கிறது. இதுதான் நியூக்ளியோசோம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே சில பத்து எழுத்துகள் நீளத்துக்கு ஓர் இணைப்புத் துண்டு. இப்படித் தொடர்ந்து போகும் மொத்தப் பொதிக்குக் குரோமாட்டின் என்று பெயர். 1997ல் சூரிச்சில் கரோலின் லூகர், திமோத்தி ரிச்மண்ட் குழுவினர் நியூக்ளியோசோமின் படிக அமைப்பை எக்ஸ்ரே வழியாகக் கண்டு வெளியிட்ட பிறகு, எந்த அமினோ அமிலம் டிஎன்ஏவின் எந்த இடத்தைத் தொடுகிறது என்பதுவரை தெரியவந்தது.

ஹிஸ்டோன்களில் லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்கள் ஏராளம். இரண்டுக்கும் நேர்மின்சுமை. டிஎன்ஏ இழையின் பாஸ்பேட்டுகளுக்கு எதிர்மின்சுமை. இரண்டும் ஒட்டிக்கொள்வது இதனால்தான். லைசினை மட்டும் நினைவில் வையுங்கள், கீழே திரும்ப வரும்.

"இறுக்கமாக" என்று நீங்கள் எழுதியதில் ஒரு சின்னத் திருத்தம் தேவை. சுற்றியிருக்கும் டிஎன்ஏவின் ஓரங்கள் அசையாமல் ஒட்டிக்கிடப்பதில்லை. ஜொனாதன் விடம் குழுவினர் 2005ல் வெளியிட்ட அளவீட்டின்படி, சுமார் கால் நொடிக்கு ஒருமுறை ஓரம் தானாகவே அவிழ்ந்து, சில பத்து மில்லி நொடிகளுக்குள் மறுபடி சுற்றிக்கொள்கிறது. செல்லுக்கு இது தேவை. மரபணுவைப் படிக்க வரும் புரதங்கள் நுழைய அந்த இடைவெளி வேண்டும். அதே இடைவெளியில் மற்றவையும் நுழையும்.

எந்தப் பகுதி திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பது முதன்முதலில் தெரியவந்ததே ஒரு சேதத்தின் வழியாகத்தான். 1973ல் ஹியூயிஷ், பர்கோயின் என்ற இருவர் எலியின் கல்லீரல் செல்களிலிருந்து உட்கருக்களைப் பிரித்தெடுத்து வைத்தபோது, உள்ளேயே இருந்த ஒரு நொதி டிஎன்ஏவைக் கண்டபடி நறுக்காமல் சீரான இடைவெளி விட்டு வெட்டியிருப்பதைப் பார்த்தார்கள். இணைப்புத் துண்டுகளில்தான் வெட்டு விழுந்திருந்தது. நியூக்ளியோசோம் என்ற கருத்து உருவாக அது ஒரு முக்கியத் தடயம். செல் தானாக இறக்கும்போதும் இப்படித்தான் வெட்டுப்படுகிறது. நம் ரத்தத்தில் மிதக்கும் டிஎன்ஏ துண்டுகளில் பெரும்பாலானவை 167 எழுத்து ஜோடிகளை ஒட்டிய நீளத்தில் இருப்பதும் இதனால்தான். கர்ப்பிணிகளின் ரத்தத்தை வைத்துக் கருவின் குரோமோசோம் குறைபாட்டைத் தேடும் பரிசோதனை இந்தத் துண்டுகளைத்தான் படிக்கிறது.

சரி, சேதத்துக்கு வருவோம். பலரும் கதிர்வீச்சிலிருந்து தொடங்குவார்கள். நான் தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். கதிர்வீச்சோ விஷமோ படாத செல்லிலும் டிஎன்ஏ ஓயாமல் சிதைந்துகொண்டே இருக்கிறது, அதற்குத் தண்ணீரே போதும். 1970களின் தொடக்கத்தில் தாமஸ் லிண்டால் இதை அளந்து காட்டியபோது பலருக்கு அதிர்ச்சி. மரபுப் பொருள் அசைக்க முடியாத உறுதி கொண்டது என்றே அதுவரை நினைத்திருந்தார்கள். அவருடைய கணக்குப்படி ஒரு மனித செல்லில் ஒரு நாளைக்குச் சுமார் 10,000 இடங்கள் வரை அடினின் அல்லது குவானின் எழுத்து தானாகக் கழன்று விழுகிறது. சைட்டோசினிலிருந்து அமீன் தொகுதி கழன்று அது யுராசிலாக மாறுவது நாளொன்றுக்குச் சில நூறு. இவற்றைச் செல் எப்படிச் சரிசெய்கிறது என்று கண்டறிந்ததற்காக லிண்டால், பால் மாட்ரிச், அஸீஸ் சான்சார் மூவருக்கும் 2015ல் வேதியியல் நோபல் கிடைத்தது. ஹிஸ்டோனால் தண்ணீரைத் தடுக்க முடியாது. நியூக்ளியோசோமுக்கு உள்ளேயே, புரதத்துக்கும் டிஎன்ஏவுக்கும் நடுவிலேயே, நீர் மூலக்கூறுகள் இருக்கின்றன.

இப்போது லைசின். எழுத்து கழன்ற இடத்தில் டிஎன்ஏவின் சர்க்கரை மட்டும் மொட்டையாக நிற்கிறது. அந்தச் சர்க்கரை வளையம் திறந்தும் மூடியும் இருக்கக்கூடியது. திறந்த நிலையில் அது ஓர் ஆல்டிஹைடு. லைசினின் நுனியில் இருப்பது அமீன். ஆல்டிஹைடும் அமீனும் பக்கத்தில் இருந்தால் இணைந்துவிடும், பள்ளி வேதியியலில் ஷிஃப் காரம் என்று படித்தது இதுதான். வெறும் கரைசலில் இருக்கும் டிஎன்ஏவில் இப்படி எழுத்து கழன்ற இடம் உடலின் வெப்பநிலையில் பல நாட்கள் தாக்குப்பிடிக்கும். இழை உடனே அறுந்துவிடாது. அதே இடம் நியூக்ளியோசோமுக்குள் இருந்தால், பக்கத்திலுள்ள ஹிஸ்டோன் வாலின் (கட்டிலிருந்து வெளியே நீளும் முனையின்) லைசின் போய் ஒட்டி, அடுத்தகட்ட வினையைத் தூண்டி, இழையை அறுத்துவிடுகிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்க் கிரீன்பெர்க் குழுவினர் 2010க்குப் பிறகு தொடர்ந்து செய்த சோதனைகளில் இந்த அறுபடல், இடத்தைப் பொறுத்து, 100 மடங்கு வரை வேகமாக நடந்தது. பல நாட்கள் நிற்க வேண்டியது சில மணி நேரத்தில் போய்விடுகிறது. அறுத்து முடித்ததும் ஹிஸ்டோன் விடுபட்டுப் பழையபடி ஆகிவிடும். ஒரு வினையூக்கி செய்யும் வேலையை அது செய்கிறது.

அறுபடுவதற்கு முன் கொஞ்ச நேரம் ஹிஸ்டோனும் டிஎன்ஏவும் வேதிப்பிணைப்பால் ஒன்றாகக் கட்டுண்டு கிடக்கும் நிலையும் வருகிறது. எதிர் இழையிலும் அருகிலேயே ஒரு எழுத்து கழன்றிருந்தால் இரண்டு இழைகளும் அறுந்துபோக வாய்ப்புண்டு. அது செல்லுக்கு மிக ஆபத்தான காயம். ஆக, பொதிந்து வைக்கும் புரதத்தை டிஎன்ஏவோடு ஒட்டவைக்கிற அதே லைசின்தான், எழுத்து கழன்ற இடத்தில் இழையை அறுக்கவும் செய்கிறது. பொதிக்கு உள்ளே நடக்கும் சேதத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

கதிர்வீச்சில் கதை வேறு. எக்ஸ்ரே, காமா கதிர்கள் நேராக டிஎன்ஏவைத் தாக்குவதைவிட, சுற்றியுள்ள தண்ணீரை உடைத்து ஹைட்ராக்ஸில் தனியுறுப்புகளை (ஜோடியில்லாத எலக்ட்ரான் கொண்ட, நிலையற்ற துணுக்குகளை) உண்டாக்கி, அவற்றின் மூலம் செய்யும் சேதம்தான் அதிகம். இந்தத் தனியுறுப்பு எதைக் கண்டாலும் வினைபுரியும், அதனால் சில நானோமீட்டர் தூரத்துக்குமேல் போகாது. டிஎன்ஏவைச் சுற்றிப் புரதம் நெருக்கமாக இருந்தால் இரண்டு லாபம்: பக்கத்தில் தண்ணீர் குறைவு, உண்டாகிற தனியுறுப்புகளில் ஒரு பகுதியைப் புரதமே வாங்கிக்கொள்கிறது. குரோமாட்டினைத் தளர்த்திவிட்டோ ஹிஸ்டோன்களை நீக்கிவிட்டோ கதிர்வீச்சுக்கு உட்படுத்தினால் இரட்டை இழை முறிவுகள் பல மடங்கு கூடுவதைப் பல ஆய்வகங்கள் பார்த்திருக்கின்றன. இங்கே "கவசம்" என்ற சொல் முழுக்கப் பொருந்தும்.

அந்தக் கவசத்தோடும் எண்கள் இப்படித்தான் இருக்கின்றன: 1 கிரே (உடல் உள்வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவு கதிர்வீச்சு பட்டால் ஒரு செல்லில் ஏறத்தாழ 1000 ஒற்றை இழை முறிவுகளும், 20 முதல் 40 வரை இரட்டை இழை முறிவுகளும் விழும். ஒப்பிட்டுப் பார்க்க, மார்பு எக்ஸ்ரே ஒன்று தருவது இதில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு எக்ஸ்ரே எடுத்துவிட்டு இதை நினைத்து யாரும் பயப்பட வேண்டாம். தனியுறுப்பை வாங்கிக்கொண்ட புரதமும் சும்மா இருந்துவிடுவதில்லை. கதிர்வீச்சு பட்ட குரோமாட்டினில் டிஎன்ஏவின் தைமினும் ஹிஸ்டோனின் டைரோசினும் பிணைந்துபோயிருப்பதைக் கண்டிருக்கிறார்கள்.

கதிர்வீச்சே இல்லாமலும் ஹைட்ராக்ஸில் தனியுறுப்பு பிறக்கும். மூச்சுவிடும் செல்லில் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிக்கொண்டே இருக்கும். இரும்பு அயனி அதைத் தொட்டால் போதும். அதனால் அதிகம் அடிபடுவது குவானின். அது 8-ஆக்ஸோகுவானினாக மாறி, இரட்டிப்பாகும்போது சைட்டோசினுக்குப் பதில் அடினினோடு ஜோடி சேர்ந்துவிடும். இப்படித்தான் ஒரு சேதம் நிரந்தர எழுத்துப்பிழையாகிறது.

சூரியனின் புற ஊதாக் கதிர் அடுத்தடுத்துள்ள இரண்டு தைமின்களையோ சைட்டோசின்களையோ ஒன்றோடொன்று ஒட்டிவிடும். இதை ஹிஸ்டோன் தடுக்காது, ஏனென்றால் அந்த ஒளியைப் புரதம் போதுமான அளவு உறிஞ்சுவதில்லை. ஆனால் எங்கே ஒட்டும் என்பதை மாற்றுகிறது. மைக்கேல் ஸ்மெர்டன் குழுவினர் 1987ல் காட்டியது போல, நியூக்ளியோசோமுக்குள் இந்த ஒட்டல்கள் ஏறத்தாழ 10 எழுத்துகளுக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன. டிஎன்ஏ முறுக்கு ஒரு சுற்றுச் சுற்ற ஏறத்தாழ அத்தனை எழுத்துகள் ஆகும். புரதத்தைப் பார்த்து நிற்கும் பக்கம் அசைய இடமில்லாததால் குறைவு, வெளியே பார்க்கும் பக்கம் அதிகம். பூஞ்சை பிடித்த நிலக்கடலையில் வரும் அஃப்ளாடாக்சின், புகையிலைப் புகையில் வரும் பென்சோபைரீன் போன்ற பெரிய மூலக்கூறுகள் உடலில் வினைத்திறன் மிக்க வடிவத்துக்கு மாறியபின் இணைப்புத் துண்டுகளில்தான் அதிகம் போய் ஒட்டுகின்றன. காரணம் எளிது, அங்கேதான் இடம் இருக்கிறது.

புரதமே டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டு விடாமல் நிற்பது தனி வகைச் சேதம். இதற்கு முதல் குற்றவாளி ஃபார்மால்டிஹைடு. ஆய்வகத்தில் சடலத்தைப் பாதுகாக்கும் ஃபார்மலினில் இருப்பதும் மரப்பலகைப் பசையிலிருந்து கசிவதும் அதுதான், ஆனால் அது நம் செல்லுக்குள்ளும் உற்பத்தியாகிறது. ஹிஸ்டோனின் வாலில் இருக்கும் மெத்தில் தொகுதியைச் செல் கழற்றும்போது வெளிவரும் பொருள்களில் ஃபார்மால்டிஹைடும் ஒன்று. அதாவது டிஎன்ஏவுக்கு மிகப் பக்கத்திலேயே, மரபணுவைத் திறந்து மூடும் அன்றாட வேலையின் துணைப்பொருளாக அது பிறக்கிறது. ஒரு பெரிய புரதம் டிஎன்ஏவில் ஒட்டிக்கிடந்தால், டிஎன்ஏவை இரட்டிப்பாக்கி வரும் இயந்திரம் அதில் முட்டி நின்றுவிடும். எஸ்பிஆர்டிஎன் என்ற நொதி அந்தப் புரதத்தை அரித்துச் சிறிதாக்கி வழிவிடுகிறது. இந்த நொதியின் மரபணு பழுதான சிலருக்கு இளம் வயதிலேயே முதுமையின் அடையாளங்களும் கல்லீரல் புற்றுநோயும் வந்திருக்கின்றன.

இதே வகையில் செல்லுக்குத் தேவையான ஒரு புரதமும் மாட்டிக்கொள்வதுண்டு. 2 மீட்டர் இழையைச் சிக்கில்லாமல் வைத்திருக்க டோபோஐசோமரேஸ் என்ற நொதிகள் டிஎன்ஏவை வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, மறுபடி ஒட்டுகின்றன. வெட்டிய கணத்தில் நொதி டிஎன்ஏவின் நுனியோடு வேதிப்பிணைப்பில் இருக்கும். அந்தக் கணத்தில் அதை உறையவைத்துவிட்டால் வெட்டு வெட்டாகவே நின்றுவிடும். கேம்ப்டோதெசின் செய்வது இதைத்தான், அதிலிருந்து உருவானவை இரினோடெகான், டோபோடெகான் என்ற புற்றுநோய் மருந்துகள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நோதபோடைட்டிஸ் நிம்மோனியானா என்ற சிறு மரம் இந்தக் கேம்ப்டோதெசினுக்கு முக்கிய மூலப்பொருள். அதற்காக வெட்டி வெட்டியே காட்டில் அது குறைந்துபோனது உண்மையான இழப்பு.

இனி, சேதத்தைவிட எனக்கு அதிகம் கவலை தருவது. நூலகத்திலோ வீட்டிலோ யாராவது உங்களிடம் "அப்படியானால் அதிகம் இறுகிப் பொதிந்த இடங்கள்தான் பத்திரம்" என்று சொன்னால் நம்ப வேண்டாம். பீரோவில் வருடக்கணக்கில் பிரிக்காமல் வைத்த பட்டுப்புடவைக்கு வெயிலும் தூசியும் படாது, ஆனால் மடிப்பில் இழை விட்டுப்போயிருப்பது யார் கண்ணிலும் படாது. குரோமாட்டினிலும் அதேதான் நடக்கிறது. பழுதுபார்க்கும் நொதிகள் சேதத்தைத் தொட வேண்டுமானால் முதலில் நியூக்ளியோசோமை நகர்த்தவோ அவிழ்க்கவோ வேண்டும். வேலை முடிந்ததும் மறுபடி கட்ட வேண்டும். இறுக்கமான பகுதிகளில் இது தாமதமாகிறது.

இதன் விளைவு புற்றுநோய் மரபணுத்தொகுதிகளில் அப்பட்டமாகத் தெரிகிறது. 2012ல் ஷூஸ்டர்-பொக்லர், பென் லேனர் இருவரும் வெளியிட்ட ஆய்வில், புற்றுநோய் செல்களின் எழுத்துப்பிழைகள் இறுக்கமாகப் பொதிந்த பகுதிகளில்தான் குவிந்திருந்தன. ஒரு பகுதி எவ்வளவு இறுக்கம் என்பதைக் காட்டும் ஒரே ஒரு ஹிஸ்டோன் குறியீட்டை (ஹிஸ்டோன்மேல் ஒட்டப்படும் வேதி அடையாளத்தை) வைத்தே, பகுதிக்குப் பகுதி பிழை எண்ணிக்கையில் இருக்கும் வேறுபாட்டில் 40 சதவீதத்துக்கு மேல் விளக்க முடிந்தது. அந்தப் பகுதிகளில் சேதம் அதிகம் விழுந்ததா, பழுதுபார்ப்பு குறைவா? பின்னால் வந்த ஆய்வுகள் இரண்டாவது பக்கம் சாய்ந்தன. பழுதுபார்க்கும் அமைப்பே கெட்டுப்போன கட்டிகளில் இறுக்கமான பகுதிக்கும் தளர்ந்த பகுதிக்கும் இடையிலான வேறுபாடு பெருமளவு மறைந்துவிடுகிறது. எங்கும் பழுதுபார்ப்பு இல்லையென்றால் எல்லா இடமும் ஒன்றுதானே.

நியாயமாகப் பார்த்தால் ஹிஸ்டோன்களுக்கு இன்னொரு பங்கும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். இரட்டை இழை முறிவு விழுந்த சில நிமிடங்களுக்குள், முறிவின் இரு பக்கமும் பல லட்சம் எழுத்துகள் தூரத்துக்கு, எச்2ஏஎக்ஸ் என்ற ஹிஸ்டோன் வகையின் மேல் பாஸ்பேட் ஏற்றப்படுகிறது. வில்லியம் பானர் குழுவினர் 1998ல் கண்டறிந்த இந்த அடையாளம்தான் பழுதுபார்க்கும் புரதங்களை அந்த இடத்தில் கூட்டுகிறது. ஒளிரும் ஆன்டிபாடி போட்டால் ஒவ்வொரு முறிவும் நுண்ணோக்கியில் ஒரு புள்ளியாகத் தெரியும். இன்று ஒரு மருந்தோ கதிரோ டிஎன்ஏவை உடைக்கிறதா என்று பார்க்க ஆய்வகங்கள் முதலில் எண்ணுவது இந்தப் புள்ளிகளைத்தான். அம்மணமான டிஎன்ஏவில் இப்படி ஓர் எச்சரிக்கை அடிக்க இடமே கிடையாது.

விந்தணு பற்றியும் இரண்டு வரி, ஏனென்றால் இதைக் குழந்தைப்பேறு மையங்களில் பலர் கேள்விப்படுகிறார்கள். விந்தணுவில் ஹிஸ்டோன்களில் பெரும்பகுதி நீக்கப்பட்டு புரோட்டமின் என்ற இன்னும் சிறிய புரதம் வருகிறது. பொதி மிக மிக இறுக்கமாகிறது. ஆனால் முதிர்ந்த விந்தணுவுக்குப் பழுதுபார்க்கும் திறன் ஏறக்குறைய இல்லை. விழுந்த சேதத்தைக் கருமுட்டைதான் பிறகு சரிசெய்ய வேண்டும். இதை அளக்கும் "டிஎன்ஏ ஃபிராக்மென்டேஷன்" பரிசோதனை பல இடங்களில் கிடைக்கிறது. அமெரிக்க வழிகாட்டுதல்கள் முதல்கட்டப் பரிசோதனையாக அதைப் பரிந்துரைப்பதில்லை. தொடர்ந்து கருச்சிதைவு நடந்த தம்பதிகளுக்கு மருத்துவர் சொன்னால் அது வேறு.

கடைசியாக மாத்திரை. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் மாத்திரை டிஎன்ஏவைக் காக்கும் என்பது கேட்க நியாயமாகத் தோன்றும். அதைப் பெரிய அளவில் சோதித்தும் பார்த்தார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 1994ல் வெளியான ஆய்வில், பீட்டா கரோட்டின் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பானைச் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. அமெரிக்காவில் நடந்த இன்னொரு சோதனையை இதே காரணத்தால் 1996ல் பாதியில் நிறுத்தினார்கள். மேலே பார்த்தபடி தண்ணீரால் எழுத்து கழல்வதையும், லைசின் இழையை அறுப்பதையும், ஃபார்மால்டிஹைடு ஒட்டுவதையும் எந்த ஆக்சிஜனேற்றத் தடுப்பானும் நிறுத்தப் போவதில்லை. புகையிலை, பாக்கு, பூஞ்சை பிடித்த கடலை, நடுப்பகல் வெயில் இவற்றைக் குறைத்தால் விழும் சேதம் உண்மையிலேயே குறையும். ஃபோலேட் குறைபாடு இருப்பவர்களுக்கு மட்டும் மாத்திரைக்கு நல்ல காரணம் உண்டு. ஃபோலேட் போதாவிட்டால் தைமின் இருக்க வேண்டிய இடத்தில் யுராசில் நுழைந்து, அதை நீக்கும் முயற்சியில் இழை முறிகிறது. அந்தக் குறைபாடு ரத்தப் பரிசோதனையில் தெரியும், அதற்கான மாத்திரை விலையும் மிகக் குறைவு.